கொந்தராத்துக்காரர் ஒழுங்கை

மூன்று தவணை தவறிய ஓட்டோ ஒன்றைத் தேடி
மனையாவெளிக்கு வந்தேன்.
கைபேசி சொன்னது: கதிர்காமத்தம்பி ஒழுங்கை.
பலகையில் 'கதிர்' மட்டும் மிச்சம்.
மற்றதைத் துருவும் ஒரு தேர்தல் சுவரொட்டியும்
பங்குபோட்டிருந்தன.

பெயர் எனக்குத் தெரியும்.
நகரசபைப் பொன்விழா மலர், பதினாறாம் பக்கம்:
தலைப்பாகை, கோட்டு, வெறுங்கால்.
கீழே ஒற்றைச் சொல், வள்ளல்.
லீசிங் கம்பனிக்குக் கடன் அறவிடும் எனக்கு
அந்தச் சொல்லைக் கண்டால் வயிறு கலங்கும்.
எங்கள் கணினியில் அதற்கு வேறு பெயர்,
சிவப்பு எழுத்தில்.

யுத்தகாலத்தில்
(எங்கள் யுத்தமல்ல, வெள்ளைக்காரன் யுத்தம்)
கடற்படைக்கு முட்டை கொடுத்தவர்.
நாளுக்கு நாலாயிரம்.
மூதூரிலிருந்து வள்ளத்தில், கந்தளாயிலிருந்து வண்டியில்
வைக்கோலுக்குள் படுத்து வந்ததையெல்லாம்
ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்ப்பாராம்.
முட்டையை எண்ணினார்.
காசை எண்ணவில்லை.
காசு பிஸ்கற் பெட்டியில், பெட்டி கட்டிலின் கீழ்,
கட்டிலில் யாரோ ஒரு மைத்துனன்.

நாற்பத்திரண்டு சித்திரையில் குண்டு விழுந்தபோது
ஊர் மூட்டையோடு கன்னியாப் பக்கம் நடக்க
இவர் எதிர்த்திசையில் நடந்து
ஓடுகிறவர்களின் சாமான்களை வாங்கினார்,
சொன்ன விலைக்கு.
ஓடுகிறவனிடம் பேரம் பேசுவது பாவமாம்.
மணிக்கூடு ஏழு.
மோட்டார்க் கார் ஒன்று, சக்கரம் மூன்று.
ஒரு பியானோ.
வாசிக்க ஆளில்லை, மூடி திறந்தே கிடந்தது,
கோழிகள் உள்ளே இறங்கி அடைகாத்தன.
இரவில் ஒரு பேடு புரண்டு படுத்தால்
ஒழுங்கை முழுக்கத் தாழ்ந்த சுரம் ஒன்று கேட்குமாம்.

அதைவிட மோசம்,
அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தது.
பிணை கேட்டு வந்த எவருக்கும் போட்டார்.
நகைக்கடைக்காரனுக்கு, இரண்டு மாலுமிகளுக்கு,
பெயரே கேட்காமல் ஒரு சாத்திரக்காரனுக்கு.

'ஆற்றில போட்டாலும் அளந்து போடவேணும்'
என்றாளாம் மனைவி.
'இது ஆறில்லையடி, கடல்'
என்றாராம்.

இந்தத் துறைமுகத்தின் ஆழம் கண்டவன்
இதை விட்டுப் போவானா?
அவர் போட்ட ஒரே கணக்கு அதுதான்.
ஐம்பத்தேழில் கொடியை மடித்துக்கொண்டு போனார்கள்.
அந்த மாதம் இவர்
வட்டிக்கு வாங்கி முந்நூறு குஞ்சு இறக்கியிருந்தார்.

சாகும்போது தேநீர்க்கடைக்குப் பதினொரு ரூபாய் பாக்கி.
கடைக்காரன் பாடைக்கு முன்னால் நடந்தானாம்,
துக்கத்திலா, கணக்கிலா,
மலர் சொல்லவில்லை.

பூட்டன் பெயருக்குரிய ஒழுங்கையில்
டிலக்சன் ஓட்டோவை ஒளிக்கவில்லை.
வேம்பின் கீழ், கழுவி, செவ்வரத்தம்பூ வைத்து நின்றது.
'எடுங்கோ அண்ணை. சிநேகிதனுக்குப் பிணை நிண்டனான்.
அவன் கட்டாருக்குப் போட்டான்.'
திறப்பை நீட்டினான்.
ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்தைப் பார்த்தேன்.
நல்ல வடிவான கையெழுத்து.

பிறகு தேநீர். அவித்த முட்டை இரண்டு, மிளகும் உப்பும்.
வேண்டாம் என்றேன்.
அந்த வீட்டுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை.

மான் ஒன்று படலைக்குள் தலையை விட்டு
என் கோப்பின் மேலிருந்த அறிவித்தலை
மஞ்சள் பிரதியிலிருந்து தின்னத் தொடங்கியது.
இந்த ஊர் மான்களுக்குக் காகிதம் பழக்கம்.
நான் விரட்டவில்லை என்பதை
இங்கே மட்டும் எழுதுகிறேன்.

படிவத்தில் எழுதியது: வீடு பூட்டியிருந்தது.

உட்துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.
வங்கியிலிருந்து குறுஞ்செய்தி:
அடகு வைத்த காப்பு ஏலத்துக்குப் போக
இன்னும் பதினான்கு நாள்.
மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.
சட்டைப்பையில் மற்ற முட்டை, சூடு ஆறாமல்.
எடுத்து
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்,
அவித்தது என்பதை மறந்து.