காத்து, பதினொண்ணு புள்ளி நாலு

பானட்டைத் தொட்டேன், சுட்டது.
ஏழு மணிக்கு என்னை வரச்சொல்லிவிட்டு
ஆறரைக்கே உறுமவிட்டு வைத்திருக்கிறார் பிரமநாயகம்.
"ஆறட்டும்" என்றேன்.
"எது ஆறணும்?"
"வண்டிதான்."

வள்ளியூர் பைபாஸ் ஓரம்,
தவணை தவறிப் பிடிபட்ட வண்டிகள் நிற்கும் காலிமனை.
உடைமரத்தின் அரைநிழலில் உட்கார்ந்தேன்.
ஒன்றரை மணி நேரமும் அவரே பேசினார்:
ஒரே கை. டாக்டர் வீட்டு வண்டி.
எண்ணி அறுபத்திரண்டாயிரம்தான் ஓடிருக்கு, பாத்துக்கிடுங்க.
பிக்கப்பில் போய் எந்த ஊருக்கு ஊசி போட்டார் டாக்டர் என்று
நான் கேட்கவில்லை.
கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து
இரும்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

மகளின் ஜியோமெட்ரி டப்பாவிலிருந்து
காந்தத் துண்டு ஒன்றை எடுத்து வந்திருந்தேன்.
இடது கதவில் ஒட்டியது. வலது கதவில் ஒட்டியது.
பின்சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில்
கையை எடுத்ததும் விழுந்தது.
"பட்டி பாத்திருக்கு."
"ஒரு உரசல்கூட இல்லாம வண்டி உண்டாக்கா?"

பக்கத்தில் நின்ற நீல வண்டி நாற்பதாயிரம் குறைவு.
சாக்கை விரித்து அதன் அடியில் படுத்துப் பார்த்தேன்.
உவரிக்குப் போய் மீன் சுமந்த வண்டி.
உப்புக் குடித்த சட்டம்
நகம் பட்டதும் செதில் செதிலாய் என் கண்ணிலேயே உதிர்ந்தது.

வெள்ளை வண்டிக்கே திரும்பினேன்.
ஜாக்கி இருக்கிறதா என்று சீட்டைத் தூக்கினால்
நாற்பது பக்க நோட்டு ஒன்று.
மா. சுடலைக்கண்ணு. டீசல்.

ஒவ்வொரு தடவையும் டேங்க் வாய்வரை ஊற்றி
ஓடிய தூரம், ஊற்றிய லிட்டர், வகுத்த விடை.
14.8. 15.1. 14.9.
ஓரத்தில் சின்ன எழுத்தில்
ஆயில் மாத்தியது, பில்டர், முன் டயர் காத்துக் குறைவு.
நடுநடுவே 11.4, 11.7.
அந்த வரிகளுக்கு எதிரே
காத்து
என்று மட்டும்.

கடைசிப் பக்கத்தில் மீட்டர்: 1,41,306.
அதற்குக் கீழே,
டியூ மூணு நிக்கி. நாளைக்கு வருவாங்க.
பிறகு கோடு போட்ட வெற்றுத்தாள்.

நோட்டை நீட்டினேன்.
பிரமநாயகம் மீட்டரைப் பார்த்தார்,
நோட்டைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.
மூன்று நாற்பது, இரண்டு எழுபதுக்கு இறங்கியது.
ஆறிய எஞ்சின் ஒரே சாவியில் பிடித்தது.
கொஞ்சம் கறுப்பாய்ப் புகைந்து தெளிந்தது.
நீலமாய் வந்திருந்தால்
களக்காட்டுக்கு பஸ்ஸில்தான் போயிருப்பேன்.

ஆனி பிறந்தது.
களக்காட்டு வாழைத்தார் ஏற்றி நாகர்கோவிலுக்கு.
பணகுடி தாண்டியதும் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி.
காற்றாலைகள் எல்லாம் சுற்றிச் சம்பாதிக்க
நான் மிதித்து மிதித்துச் செலவழித்தேன்.
தார்ப்பாய் அடித்துக்கொண்ட ஒவ்வொரு அடியும்
என் மடியில் விழுந்தது.
நிரப்பி, வகுத்துப் பார்த்தேன்:
பதினொண்ணு புள்ளி நாலு.
அவர் விட்ட இடத்துக்கு அடுத்த வரியில்
காத்து என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் மூன்றரைக்கே கிளம்பிவிடுகிறேன்.
வெயிலேறினால் காத்தும் ஏறும்.
தார்ப்பாயை நாலு சுற்றாய் இறுக்கி,
ஐம்பதைத் தாண்டாமல்,
காவல்கிணறு வரை அவசரமில்லாதவள் போல.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
தாருக்கு ஒரு ரூபாய் மிஞ்சுகிறது.

நோட்டின் பின்னட்டையில் ஒரு போன் நம்பர் இருக்கிறது.
இரண்டு தடவை ஒன்பது எண்வரை அழுத்தியிருக்கிறேன்.
பணகுடிக் காத்துக்கு எந்த கியர் என்று கேட்கலாம்.
வண்டி எப்படி இருக்கு என்று
அவர் திருப்பிக் கேட்டுவிட்டால்?