எந்த ஊரிலிருந்து

மணி பத்து நாற்பது. சிம்மக்கல்லில்
கீழே டயர்க் கடை ஷட்டர் இறங்கியாயிற்று.
மேசைக்கடியில் புதுச் சர்வர்
தெர்மாகோல் பொடி ஒட்டிய காலோடு
இரைந்துகொண்டிருக்கிறது.
பழையது சனிக்கிழமை புகைந்து செத்தது.

உசிலம்பட்டிப் பால் நிலையத்திலிருந்து ஒச்சப்பன்:
"மேடம், உள்ளாறயே போக மாட்டேங்குது.
மூணு வண்டி நிக்குது இங்கிட்டு.
கொழுப்பு எவ்வளவு, லிட்டர் எவ்வளவுன்னு ஏத்தாம
ஒரு சொட்டு இறக்க விடமாட்டேங்கிறாரு மேனேஜரு."

பிங் போகிறதா?
போகிறது.
நாற்பத்திரண்டு மில்லி விநாடியில் திரும்பியும் வருகிறது.
செக்கானூரணி தாண்டி, நாகமலை ஓரமாக
பூமிக்குள் ஒரு கம்பி அறுபடாமல் இருக்கிறது.
அதுவரைக்கும் நல்லது.

அப்புறம் கதவைத் தட்டச் சொன்னேன்.
மூவாயிரத்து முந்நூற்று ஆறாம் எண் கதவு.
தட்டினார்.
பதில் இல்லை.
இல்லை என்ற பதிலும் இல்லை.
திரையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டே இருக்கிறதாம்.
"யோசிக்குது மேடம்."

யோசிக்கவில்லை. இந்த மௌனம் எனக்குப் பழக்கம்.
போன வருஷம் விளாங்குடியில் வீடு பார்த்தேன்.
ஓனரம்மா டம்ளரில் காபி கொடுத்தார்.
பாத்ரூம் குழாயைத் திறந்து காட்டினார்.
"சொந்த ஊரு எது?" சொன்னேன்.
"அதுல எந்தப் பக்கம்?" சொன்னேன்.
"அவர்ட்ட கேட்டுட்டுச் சொல்லி விடுறேன்மா."
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஃபயர்வாலைத் திறந்தேன்.
வருகிற பொட்டலங்களைச் சத்தமில்லாமல் கீழே போடு என்று
யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.
யாரோ இல்லை, நான்தான். ஞாயிறு மதியம்,
பரோட்டா ஆறுவதற்குள் முடிக்கும் அவசரத்தில்.
ஒரு வரியை அழித்தேன்.

"இப்பத் தட்டுங்க."
"மேடம், தட்டுன உடனே முடியாதுங்குது!
மறுக்கப்பட்டதுன்னு வருது."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மறுக்க ஆள் வந்துவிட்டது.
புதூரில் ஒருவர் வாசலிலேயே சொன்னார்,
"உங்க ஆளுகளுக்கு விடுறதில்லம்மா."
அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.
ஆனால் அடுத்த தெருவுக்கு உடனே போக முடிந்தது.

சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காது வைத்திருந்தது.
அதாவது தன் குரலுக்கு மட்டும்.
பிறந்து மூன்று நாள், வேறென்ன தெரியும்.
திருத்தினேன். அணைத்துத் திரும்ப எழுப்பினேன்.

மூன்றாம் தட்டு.
பேர் சரி. பாஸ்வேர்டும் சரி,
மகள் பேரும் பிறந்த வருஷமும்,
மாற்றச் சொன்னால் மாற்றமாட்டார்.
ஆனாலும் அனுமதி இல்லை.
பதிவேட்டைத் திறந்து படித்தேன்:
ஒச்சப்பனைத் தெரியும் அதற்கு.
இங்கேயே இருக்கிற ஒச்சப்பனை.
அங்கிருந்து வருகிற ஒச்சப்பனை இல்லை.

நீ யார் என்பதல்ல,
எந்தப் பக்கத்திலிருந்து.
இதற்குள் இந்தக் கேள்வியை எழுதியவன்
யாருக்கும் வீடு மறுத்தவனாக இருக்கமாட்டான்.
பாதுகாப்புக்காக எழுதினான்.
ஓனரம்மாவைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார்.

ஒரு சதவீதக் குறி போட்டால் போதும்.
எங்கிருந்து வந்தாலும் உள்ளே வா என்று அர்த்தம்.
விரல் அந்த விசைமேல் கொஞ்ச நேரம் நின்றது.
போடவில்லை.
எவனெவனோ ராத்திரியெல்லாம்
கதவு கதவாகத் தட்டிக்கொண்டு திரிகிறான்,
பதிவேட்டில் தினமும் பார்க்கிறேனே.
உசிலம்பட்டியின் ஒற்றை முகவரியை மட்டும்
எண் எண்ணாகக் கேட்டு எழுதினேன்.
நானும் பக்கம் கேட்டுத்தான் திறக்கிறேன்.

"போயிருச்சு மேடம்! போயிருச்சு!"
அவருக்குப் பின்னால் மோட்டார் இரைச்சல்,
குழாயை மாட்டச் சொல்லி யாரோ கத்துகிறார்கள்.
என் திரையில் முதல் வரிசை வந்து விழுந்தது:
கொழுப்பு 4.1, லிட்டர் 2,860.

அங்கிட்டு ஒருமுறை கரண்ட் போய் வந்தால்
முகவரியின் கடைசி எண்கள் மாறிவிடும்.
அவருக்கு அது தெரியாது.
விடிவதற்குள் மறுபடி கூப்பிடுவார்.
ஃபோனைச் சைலன்ட்டில் போடாமல் படுக்க வேண்டும்.