இருபது அடி

கோரிமேட்டில் எங்கள் வீடு
சுவரிலிருந்து சுவருக்குப் பதினோரு அடி.
வாடகை பேசியபோது அளக்கத் தோன்றவில்லை.
நேற்றுத்தான் அளந்தேன், தையல் டேப்பால்,
பீரோவை ஒதுக்கிவிட்டு.

செர்ரி ரோட்டுக் கண் டாக்டர்
எழுதியது ஒரு வரி: மைனஸ் ஒன்றே முக்கால்.
வாயால் சொன்னது,
இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை
இருபது அடிக்கு அப்பால் எதையாவது
இருபது நொடி பார்க்க வையுங்கள்.
அப்புறம் வெயில். வெளியே விடுங்கள் பையனை.

போன் எத்தனை மணி நேரம் பார்ப்பான் என்றார்.
ஒன்று, ஒன்றரை இருக்கும் என்றேன்.
தர்ஷித் திரும்பி என்னைப் பார்த்தான்.
கிட்டத்தில் இருப்பதெல்லாம்
அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கொடுத்தது நான்தான்.
ஓமலூர் டோல்கேட்டில் ராத்திரி டியூட்டி.
பத்து வயதுப் பையன்
உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு
பயப்படாமல் இருக்க வேறென்ன இருந்தது என்னிடம்?
வீடியோவில் நெற்றி மட்டும் தெரியும்,
போர்வைக்குள், நீலமாக.
லாரிக்காரருக்குச் சில்லறை எண்ணியபடி
தூங்குடா என்பேன்.
கட் பண்ணாதம்மா என்பான்.

இரண்டு வருடம்
கரும்பலகையைப் பக்கத்துப் பையனின் நோட்டில் படித்திருக்கிறான்.
பஸ்ஸை நிறம் பார்த்து ஏறியிருக்கிறான்.
சொல்லவே இல்லை.
எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன் என்கிறான்.

மொட்டை மாடிக்கு ஓனர் பூட்டுப் போட்டிருக்கிறார்.
வடகம் காயப் போடவா என்று கேட்டார்.
தூரம் பார்க்க என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சாவியை நீட்டினார்:
ஏழு மணிக்குள்ள குடுத்துடணும்.

புதுக் கண்ணாடி அவன் மூக்கில் நழுவுகிறது.
எதிரே சேர்வராயன் மலை,
இருட்டத் தொடங்கியிருந்தது.
இருபது நொடிக்கு அலாரம் வைக்க
நான் போனை எடுத்தேன்.

அம்மா, மலையில லைட்டு நகருது.
ஏற்காட்டு பஸ்ஸுடா.
தினமும் போகுமா?
தினமும்தான்.
வளைவுல அணைஞ்சுடுது. இரு... மறுபடி வந்துடுச்சு.

கையில் போன் அதிர்ந்து நின்றது.
அவன் மூன்றாவது கொண்டை ஊசியில் இருந்தான்.
பஸ் இருபதையும் ஏறியாக வேண்டும்.

கீழே ஓனர் கூப்பிட்டார்.
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.