இரண்டு லிஃப்ட்

செவ்வாய்க்கிழமை பகலில்
இதே கட்டடத்துக்கு வந்திருக்கிறேன்.
பின்வாசல் வழியாக,
வேலைக்காரர்களுக்கான லிஃப்டில்,
ஆள் உயர ஓவியம் ஒன்றைப்
போர்வை சுற்றிக் கட்டியணைத்தபடி
பதினேழாம் மாடிக்கு.
ரசமட்டம் வைத்து நான்தான் மாட்டினேன்.
நீலத்தின் மேல் நீலம்.
அதன் முதுகை இவர்கள் யாரும் பார்த்ததில்லை:
காபிக் கறை, துருப்பிடித்த இரண்டு ஆணி,
யாரோ பென்சிலில் போட்ட கூட்டல் கணக்கு.
விடை தப்பு.

இன்று வியாழன் இரவு.
சாவோ பாவ்லோவின் தூறல்
தெருவை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் நனைக்கிறது.
வாடகைக் கோட்டில் நிற்கிறேன்.
அழைத்தவர் ஒட்டாவியோ.
வால்டெனீர் என்ற என் பெயரில்
பின்பாதியை நறுக்கிவிட்டு
'வால்' என்கிறார். செல்லமாம்.
பெயருக்கேற்ப
அவர் பின்னாலேயே போகிறேன்.

என்னைக் கண்டதும்
காவலாளி டமியாவோவின் கை
தானாகப் பின்வாசலைக் காட்டியது.
அப்புறம்தான் கோட்டைப் பார்த்தார்.
நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
தலையைச் சொறிந்துகொண்டார்.

முன்பக்க லிஃப்டில் கண்ணாடி உண்டு.
மூன்று பக்கமும் நான்.
ஒருவனும் நம்பும்படி இல்லை.

மேலே
சோபாவில் இரண்டு கிழவர்கள்.
முப்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்களாம்.
ஒருவர் தட்டிலிருந்த ஆலிவ்வை
மற்றவர் கேட்காமல் எடுத்துத் தின்கிறார்,
கொட்டையை அவர் தட்டிலேயே போடுகிறார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று
பார்த்த பிறகே தெரிந்தது.

எங்கள் பக்கபாலில்
ஒரு பையனின் கையை
நாலு நொடி கூடுதலாகப் பிடித்ததற்கு
தேவாலயப் பாடகர் வரிசையில்
என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.
திட்டவில்லை, அடிக்கவில்லை.
நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

இந்த வீட்டில் என் காதல் சாதாரணம்.
என் ஷூதான் விசித்திரம்.

"எந்த ஊர்?" என்றாள் வீட்டுக்காரி மரீலியா.
சொன்னேன்.
"ஆகா, அந்தக் கடற்கரை!"
எங்கள் ஊரில் கடல் கிடையாது.
"ஆமாம்" என்றேன்.
போகட்டும், ஒரு கடல்தானே.

பிறகு அதைப் பார்த்துவிட்டேன்.
ஓவியம் சாய்ந்திருந்தது,
இடது பக்கம், அரை விரல்.
அதன் முன்னால் ஒரு விமர்சகர்
மௌனத்தைப் பற்றி
உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.
கையைக் கோட்டுப் பையில் வைத்தேன்.
வைன் கோப்பையில் வைத்தேன்.
கடைசியில் போய்
ஒரு மூலையைத் தொட்டு நிமிர்த்தினேன்.

"அட! மாட்ட வந்த பையன்!"
மரீலியாவின் குரலில் கெடுதல் இல்லை,
தொலைந்த சாவியைக் கண்டெடுத்த சந்தோஷம்தான்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
என் இடுப்பில் இருந்த ஒட்டாவியோவின் கை
கோப்பை எடுக்கப் போனது.
திரும்பி வரவில்லை.

இறங்கும்போது எதில் ஏறினேன் என்று கேட்காதீர்கள்.
காலுக்குப் பழக்கம்.
உள்ளே பரிமாறுகிற பையன்,
காலி பாட்டில் பெட்டியோடு.
"வாடகை அட்டை வெளியே தெரியுது."
பெட்டியை முழங்காலில் முட்டுக்கொடுத்து
என் பின்கழுத்தில் விரல்விட்டு
அட்டையை உள்ளே செருகினான்.
எவ்வளவு நேரமாக?
"நீ வந்ததிலிருந்து."
விரலை எடுக்கத் தாமதித்தான்.
இந்த முறை நான் எண்ணவில்லை.

பெயர் ரோனிவொன்.
ரயிலில் எனக்கு இரண்டு நிலையம் முன்னால் இறங்கினான்.
காகிதத்தில் மடித்த ஏழு ஆலிவ்களில்
நாலை எனக்குக் கொடுத்தான்.
"அடுத்த வியாழன் வருவியா?"
கதவு மூடிக்கொண்டது.

கோட்டை வெள்ளிக்கிழமை திருப்பியிருக்க வேண்டும்.
நாளுக்குப் பதினெட்டு ரெயாஸ் அபராதம்.
இன்று திங்கள்.
ஒட்டாவியோ இன்னும் கூப்பிடவில்லை.
கோட்டு என் அறைச் சுவரில்
ஆணியில் தொங்குகிறது,
நேராக.