பூர்வீகம்

தக்கலை தாலுகா ஆபீஸ், மூன்றாவது சன்னல்.
படிவத்தில் ஒரு கட்டம்: பூர்வீகம்.
குளச்சல் என்று எழுதினால் போதும்.
பேனா நின்றுவிட்டது.

ஒன்பது வருடம் நைல் கழிமுகத்தில்
பம்ப் ஓட்டினவன் நான்.
தோண்டத் தோண்ட ஊறும் மண்.
இரவெல்லாம் நான் இறைத்தால்தான்
காலையில் அவர்கள் தூரிகையோடு குழியில் இறங்க முடியும்.
மூவாயிரத்தைந்நூறு வருடத்துச் சேறு
என் ஹோஸ் வழியாகப் பக்கத்து
உருளைக்கிழங்கு வயலுக்குப் போயிற்று.

ஊரின் பழம்பெயர் அவாரிஸ்.
ஆண்டவர்கள் ஹிக்சோஸ்.
அயல்நாட்டு அதிபதிகள் என்று அர்த்தமாம்.
நூறு வருடம் அரசாண்டும்
அந்த அயல் உதிரவில்லை.

முதலில் கழுதைகள் வந்தன,
கல்லறை வாசலில் இரண்டிரண்டாய்.
ஒரு ராஜாவின் வண்டு முத்திரை வந்தது,
என் கட்டைவிரல் நகம் அளவு.
பிறகு கைகள்.
வலக்கைகள் மட்டும், பதினாறு.
என்னோடு வேலை பார்த்த ரமதான்
தன் கையை மெல்ல ஜேபிக்குள் விட்டுக்கொண்டான்.

புயலாய் வந்தார்கள், கோயிலைக் கொளுத்தினார்கள்.
எழுதி வைத்தது துரத்தினவர்கள்.
பல் வேறு மாதிரி சொன்னது.
சின்ன வயதில் குடித்த தண்ணீர்
பல்லுக்குள் இருக்குமாம்.
வெளியூர்த் தண்ணீர் இருந்த பற்களில்
பெண்களுடையவைதான் அதிகம்.
கல்யாணம் கட்டி வந்திருப்பார்கள்.
கூலிக்கு வந்திருப்பார்கள்.
படையெடுப்புக்கு யார்
வாணலியும் சட்டியுமாய்ப் புறப்படுவார்?

கடைசியில் விரட்டினார்கள், ஆளை மட்டும்.
குதிரையை வைத்துக்கொண்டார்கள்,
தேரை, வளைந்த வில்லை.
பின்னால் வந்த பார்வோன்கள்
சுவர் சுவராய் நெஞ்சு நிமிர்த்தி நிற்பது
அந்தத் தேரில்தான்.

எங்கள் கடற்கரையிலும் ஒரு வெற்றித்தூண் உண்டு.
டச்சுக்காரன் தோற்ற இடம்.
பீரங்கி போயிற்று, கப்பல் போயிற்று.
கக்கூஸ் என்ற அவன் சொல்
விடிந்தால் எல்லார் வாயிலும் வரும்.
நான் நிற்கும் சன்னல், பிடித்திருக்கும் பேனா
இரண்டும் பறங்கிச் சொல்.

"சட்டுனு எழுதும் ஓய்,
பொறத்த ஆளு நிக்குல்லா?"

பின்னால் நிற்பவள் ஒடிசாக்காரி.
ஐஸ் பிளாண்டில் வேலையாம்.
முன்பல் விழுந்த அவள் மகன்தான்
அவளுக்கும் சன்னலுக்கும் நடுவே பேசுகிறான்,
எங்கள் ஊர்த் தமிழில், எங்கள் ஊர் இழுவையோடு.
தாகமெடுக்க, முற்றத்துக் குழாயில்
வாய் வைத்துக் குடிக்கிறான்.
பேச்சிப்பாறைத் தண்ணீர்.
ஈறுக்குள் இன்னும் முளைக்காத ஒரு பல்
அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

குளச்சல் என்று எழுதி நீட்டினேன்.
சன்னலில் இருந்தவர்
படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.
மை சரியாகப் பதியவில்லை.