பத்துப் பழம் உதிர்ந்த பிறகு

ஹார்ட்வேர் கடை தௌக்கே இந்த வருடமும்
இலவச நாட்காட்டி கொடுத்துவிட்டார்.
சிவப்பு எண்களுக்குக் கீழே சீன எழுத்து,
ஓரத்தில் பள்ளி விடுமுறை,
பின்பக்கம் வெள்ளை.

போன வருடம் இதே வெள்ளையில் எழுதியது
இன்னும் மனப்பாடம்:
நாவல் ஒன்று, மார்ச்சுக்குள்.
மாதம் இரண்டு சிறுகதை.
ஞாயிறு இதழுக்குத் தொடர், வாரம் தப்பாமல்.
விடிகாலை நாலரைக்கு ஆயிரம் சொல்.
அதன் கீழே, இரண்டு அடிக்கோடு போட்டு:
சாக்கு கூடாது.

சாக்கு கூடாதென்று எழுதியவளை
செப்டம்பரில்
செம்பனை மில் எடைப்பாலத்து ஜன்னலில் கண்டார்கள்.
லாரி எண்ணை எழுதவேண்டிய கட்டத்தில்
பேனாவை ஊன்றியபடி
இருபது நிமிடம்.
டிரைவர் ஹார்ன் அடித்தான்.
பிறகு இறங்கி வந்தான்.
"அக்கா" என்றான் மெதுவாக,
தூங்கும் பிள்ளையை எழுப்புகிற மாதிரி.

எட்டு என்ற எண்ணை
எங்கிருந்து தொடங்குவதென்று
எனக்குத் தெரியவில்லை.

கிளினிக்கில் டாக்டர் ஃபாரிடா
ரத்தம் எடுத்தார், அழுத்தம் பார்த்தார்,
என் பெயருக்கு நேரே ஒரே சொல் எழுதினார்:
ரேஹாட்.
அவ்வளவு சின்ன வாக்கியம்
நான் எழுதியதே இல்லை.

ஆசிரியர் ஜெயசெல்வன்
தினம் ஒரு கேள்விக்குறி அனுப்பினார்.
தொடரில் மரகதவல்லி
ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறாள்.
பதினான்காம் வாரத்திலிருந்து நிற்கிறாள்.
தைப்பிங் வாசகி ஒருத்தி எழுதிக் கேட்டாளாம்,
பாவம், அவளுக்கு யாராவது
ஒரு பொட்டலம் நாசி லெமாவாவது வாங்கிக் கொடுங்களேன் என்று.

நான் அரிசி களைந்தேன்.
சுவரில் மழை இறங்கிய தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்கட்டுக்கு ஒரு பூனை வந்தது.
பெயர் வைக்கவில்லை.
வேண்டுமென்றேதான்.

மில் பேரேட்டில் ஒரு பத்தி உண்டு: காய்.
பழுக்குமுன் வெட்டிய குலைக்கு
ஒன்றுக்கு இவ்வளவு என்று பிடித்தம்.
மரத்தடியில் பத்துப் பழம் தானாய் உதிர்ந்திருந்தால்தான்
கொக்கியைத் தூக்கலாம், அதுதான் சட்டம்.
பதினோரு வருடம் சவரியப்பன் சம்பளத்தில்
கை நடுங்காமல் கழித்தவள் நான்.
வீட்டுக்கு வந்து
நாலரை மணி இருட்டில்
காய் காயாய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பெயரை மாற்றி வருடங்களாயிற்று.
பலகையில் பெஸ்தாரி ஜெயா.
வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
இங்கே வருடமும் நான்கு முறை பிறக்கும்:
ஜனவரிக்கு வாணவேடிக்கை,
சீனருக்கு ஆரஞ்சுப் பெட்டி,
சித்திரைக்குக் கோயிலில் பானகம்,
அவால் முஹாரமுக்கு லீவு.
ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்,
கோலசிலாங்கூர் பஸ் மாதிரி.
அந்தக் கணக்கில் நான்
இன்னும் தாமதமாகவில்லை.

ஆகவே, பின்பக்க வெள்ளையில், பென்சிலால்:
வந்தால் ஒரு வரி.
வராத நாளை எண்ணாதே.
மரகதவல்லிக்கு ஒரு பெஞ்சு. முதலில் உட்காரட்டும்.
நாலரை மணி அலாரத்தை அழி
(அழித்தாயிற்று; டிக் போடும் சுகத்துக்காக எழுதினேன்).
நாவல் என்று எழுதி
பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.
ஒரு கை அகலம்.

இரண்டாம் தேதி, காலை ஏழு.
அதே டிரைவர், வேறு லாரி.
எண் 8388.
படுபாவி.

ஒரு வட்டம். அதன் மேல் ஒரு வட்டம்.
மூன்று.
மறுபடி இரண்டு வட்டம்.
மறுபடி.

அவன் ஹார்ன் அடிக்கவில்லை,
என்ஜினைக்கூட நிறுத்தியிருந்தான்.

சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது
பின்பலகை இடுக்கிலிருந்து ஒரு பழம் நழுவி
தார்மேல் உருண்டு
என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

ஒன்று.