எண்பத்து நான்காவது எபிசோட்

ஐந்து பாகம், இரண்டாயிரத்து நூறு பக்கம்.
திருமங்கலத்தில் வீடு வீடாக மின்மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டே
முத்திருளாண்டி பதினோரு வருஷமாக எழுதியது.
டவுன்ஹால் ரோடு லாட்ஜில்
மின்விசிறி முனகும் இருநூற்றேழாம் அறையில்
அதைச் சீன் சீனாக அறுப்பது என் வேலை.

யாளிக்கு அவர் வைத்தது ஏழு தலை.
தலைக்கு இவ்வளவென்று கிராபிக்ஸ்காரர்கள் பில் போட
மூன்றானது.
மற்ற நான்கும் பழைய போரில் போயின என்று
வசனத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

வைகை மணலுக்கடியில் ஒரு கடல் வைத்திருந்தார் மனிதர்.
எங்களுக்குக் கிடைத்தது
கீழவளவுப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரி.
செங்குத்தாக வெட்டிய பாறை, ஆழத்தில் பச்சைத் தண்ணீர்.
போன மாசம் ரெண்டு ஆடு விழுந்துச்சு என்றார் காவல்காரர்.
மானிட்டரில் பார்த்தபோது யாரும் பேசவில்லை.
கடல்தான்.

இளவழுதி, இளமாறன். இரட்டையர்.
ஒருவன் நாடு கேட்பான், மற்றவன் மன்னிப்பு.
நானூறு பக்கத்துக்குச் சண்டை.
சம்பளம் ஒருவனுக்குத்தான் என்றது சென்னை.
இருவரையும் ஒரே உடம்பில் திணித்தேன்.
பத்து நாள் வசனம் நொண்டியது.
அப்புறம் ஒரு சாயங்காலம் அந்தப் பையன்
கண்ணாடியைப் பார்த்துத் "தம்பி" என்று கூப்பிட்டு
பதிலுக்குக் காத்து நின்றான்.
கட் சொல்ல மறந்துபோனார் டைரக்டர்.

அது ஒளிபரப்பான இரவு முத்திருளாண்டி போன் செய்தார்.
"ஒரே வீட்டுக்கு ரெண்டு மீட்டரு வச்சிட்டேன் போலயே."
வைத்துவிட்டார்.
அது கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தும்பியைப் பற்றி அவர் கேட்கவில்லை.
பாதாளக் கடலின் படகுக்காரி.
காசு வாங்கமாட்டாள்,
ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு பொய் சொல்ல வேண்டும்,
அதுதான் கூலி.
ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்திலும்
துடுப்பைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.
நடித்த பெண்ணுக்கு வேறு சேனலில் மாமியார் வேஷம் வந்தது.
வெள்ளிக்கிழமையோடு கால்ஷீட் முடிகிறது.
வியாழன் இரவு இரண்டு மணி,
பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு எழுதினேன்:
அம்பு. இடது விலா. தண்ணீர்.
நாலு சொல்.
சால்னா ஆறியிருக்கவில்லை.

அது ஒளிபரப்பான மறுநாள்
மேலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
யானைமலை ஜன்னலோடு கூடவே வந்துகொண்டிருந்தது.
கண்டக்டர், சட்டையில் சோணைமுத்து என்று பெயர்,
முன்சீட்டுப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
"புத்தகத்துல அவ சாகமாட்டாண்ணே.
எவனோ ஒருத்தன் உக்காந்து கொன்னுருக்கான்."
தோல்பைக்குள் மூன்றாம் பாகம் தெரிந்தது,
கிழிந்த அட்டைக்குக் காலண்டர் தாள் ஒட்டி.

முழுசும் படிச்சிட்டீங்களா என்றேன்.
"மூணுதான். மிச்சம் இன்னும் தொடல."
அப்புறம் எப்படி.
"அவ சாகமாட்டா சார்"
என்றார், அடுத்த ஸ்டாப் பெயரைச் சொல்வதுபோல.
எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.
"சாருக்கு என்ன வேலை?"
"குவாரியில கணக்கு எழுதுறேன்."
என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.
ரெண்டு ரூபாய் பாக்கி என்று டிக்கெட் முதுகில் கிறுக்கி
"எறங்கும்போது கேட்டு வாங்கிக்கங்க" என்றார்.

மாட்டுத்தாவணியில் பின்படி வழியாக இறங்கிவிட்டேன்.

இருநூற்றேழு. மின்விசிறி.
எண்பத்து ஏழு, முதல் சீன்:
குவாரி, விடியற்காலம்.
படகு மட்டும். ஆள் இல்லை.
ஆர்ட் டிபார்ட்மென்ட் கவனத்துக்கு:
துடுப்பு ஈரமாக இருக்க வேண்டும்.